‘நீக்காதே’ என்று எழுதியிருக்கும் ஒரு வரி

கேள்வி: கோவையில் நூற்பாலைகளுக்கான கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எங்கள் போர்டில் இருப்பது கார்டெக்ஸ்-ஏ9 ப்ராசஸர். அதில் ஓடுவது லினக்ஸ் 4.1. சிப் நிறுவனம் கொடுத்த கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மேல் எங்கள் ஆட்கள் 312 பேட்சுகளை (நிரல் திருத்தத் துண்டுகளை) ஏற்றி வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த பொறியாளர் இரண்டு மாதங்களுக்கு முன் வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது எல்லாம் என் தலையில். பாதிப் பேட்சுகள் எதற்காக என்றே புரியவில்லை. ஒன்றில் 10 மைக்ரோ விநாடி தாமதம் மட்டும் இருக்கிறது, பக்கத்தில் ‘நீக்காதே’ என்று ஒரு குறிப்பு. மேலாளரோ, “ஓடுகிறதே, ஏன் தொடுகிறாய்?” என்கிறார். ஜெர்மனி வாடிக்கையாளர் ஒருவர், பாதுகாப்புத் திருத்தங்களை எத்தனை ஆண்டுகள் தருவீர்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறார். புதிய கெர்னலுக்கு மாறுவதா, இதையே ஒட்டுப்போட்டு ஓட்டுவதா? என்னோடு படித்தவர்கள் எல்லோரும் செயற்கை நுண்ணறிவுப் பக்கம் போய்விட்டார்கள். நான் இந்தப் பழைய கெர்னலோடு தேங்கிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

உங்கள் கேள்விகளுக்குள் நுழையும் முன் நான் ஒன்று கேட்கிறேன். விட்டுப்போன அந்தப் பொறியாளரின் மடிக்கணினி இப்போது யாரிடம் இருக்கிறது? மீதியைப் பிறகு படிக்கலாம். எழுந்து போய் விசாரித்துவிட்டு வாருங்கள். இரண்டு மாதம் ஆகிவிட்டது என்றால், அதைத் துடைத்து வேறு யாருக்காவது கொடுக்க நாள் குறித்திருப்பார்கள்.

லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. தன்னை யார், எந்தக் கணினியில், நிரலை இயந்திர மொழியாக்கும் எந்தக் கம்பைலரைக் கொண்டு, என்றைக்குக் கட்டினார்கள் என்பதை ஒரே வரியில் தனக்குள் எழுதி வைத்திருக்கும். ஆலையில் ஓடிக்கொண்டிருக்கும் போர்டு ஒன்றில் சீரியல் கம்பியைச் செருகி, ‘ப்ராக்’ அடைவில் உள்ள ‘வெர்ஷன்’ கோப்பைத் திறந்தால் அந்த வரி கிடைக்கும். பதிப்பு எண்ணின் வாலில் ‘டர்ட்டி’ என்ற சொல் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால், நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் சேராத ஏதோ ஒரு மாற்றத்தோடு கெர்னலைக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். அந்த மாற்றம் இருக்கும் ஒரே இடம் அந்த மடிக்கணினி.

ஒரு நிறுவனத்தில் எனக்கு இது நேர்ந்திருக்கிறது. வரியில் கணினியின் பெயர் இருந்தது, வாலில் ‘டர்ட்டி’ இருந்தது. கணினியைத் தேடிப் போனால், அது துடைக்கப்பட்டுக் கணக்குப் பிரிவில் ஒருவருடைய மேசையில் உட்கார்ந்திருந்தது. ஆயிரக்கணக்கான கருவிகளில் ஓடும் கெர்னலின் மூல நிரல் உலகில் எங்குமே இல்லை. இயந்திர மொழியில் இருந்த பைனரியைப் பிரித்துப் பார்த்து, விடுபட்டது நான்கே வரிகள் என்று கண்டுபிடிக்க மூன்று வாரங்கள் ஆயின. உழைப்பு வீணானது ஒரு பக்கம். லினக்ஸ் கெர்னலின் ஜி.பி.எல். உரிமப்படி, கருவியை விற்றவர் அதில் ஓடும் கெர்னலுக்கு உரிய மூல நிரலைக் கேட்பவருக்குத் தந்தாக வேண்டும். இல்லாததை எங்கிருந்து தருவது?

ஆகவே உங்கள் முதல் வேலை பேட்சுகளைப் படிப்பது அல்ல. களத்தில் இருக்கும் அதே கெர்னலை உங்கள் கணினியில் மறுபடி கட்ட முடிகிறதா என்று பார்ப்பது. அதே கம்பைலர் பதிப்பைத் தேடிப் பிடியுங்கள். கட்டமைப்புக் கோப்பைக் கெர்னலுக்குள்ளேயே வைத்துக் கட்டியிருந்தால், அதே ‘ப்ராக்’ அடைவில் ‘கான்ஃபிக்’ என்ற பெயரில் சுருக்கிய வடிவில் கிடைக்கும். உங்கள் மேசையில் கட்டியது ஆலையில் இருப்பதைப் போலவே நடந்துகொள்கிறது என்று உறுதியாகும்வரை வேறு எதையும் தொட வேண்டாம். இந்த மட்டில் உங்கள் மேலாளர் சொல்வது சரிதான்.

இனி அந்த 312.

எல்லாவற்றையும் ஒரே எடையாக நினைத்து மலைக்காதீர்கள். இந்த மாதிரிக் குவியல்களை நான் பலமுறை பிரித்திருக்கிறேன். பெரும்பகுதி எப்போதும் ஒன்றுதான்: உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதும் பொது கெர்னலில் யாரோ செய்த திருத்தத்தை எடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டியது. புதிய பதிப்புக்குப் போனால் அவை தாமாக உதிர்ந்துவிடும். பேட்சின் தலைப்பு வரியைப் பொது கெர்னலின் வரலாற்றில் தேடினாலே பாதி சிக்கிவிடும். அடுத்த பகுதி போர்டைப் பற்றிய தகவல்கள்: சிப்பின் எந்தக் காலில் எந்த விளக்கு, எந்த மின்னழுத்தச் சீராக்கி எதற்கு என்பவை. 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், கார்டெக்ஸ் போன்ற ஏ.ஆர்.எம். வகை ப்ராசஸர்களுக்கான நிரல்களைப் பார்த்துக் கொதித்துப்போனதே இதனால்தான். ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு சி கோப்பு என்று ஊர் ஊராகப் பெருகிக் கிடந்தது. அதன் பிறகுதான் ஏ.ஆர்.எம். உலகம், போர்டில் எது எங்கே இருக்கிறது என்று விவரிக்கும் தனிக் கோப்பான டிவைஸ் ட்ரீக்கு மும்முரமாக மாறியது. போர்டைப் பற்றிய செய்தி, ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் நிரலான டிரைவருக்குள் புகுந்திருந்தால் அதை எடுத்து டிவைஸ் ட்ரீயில் போடுங்கள். பேட்ச் எண்ணிக்கை கண்ணெதிரே குறையும். உங்கள் கருவிக்கென்றே எழுதிய ஓரிரு டிரைவர்கள் இருக்கும், அவை நியாயமானவை.

மிஞ்சுவது பத்தோ இருபதோ. பெயர் இல்லை, காரணம் இல்லை, ‘தற்காலிகம்’ என்று ஒரு குறிப்பு. தேதியைப் பார்த்தால் எட்டு வருடப் பழசு. கெர்னல் பராமரிப்பு என்று நாம் சம்பளம் வாங்குவது உண்மையில் இந்தப் பத்துக்காகத்தான். உங்கள் 10 மைக்ரோ விநாடியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

அதைப் பார்க்காமலே உங்களுடையது இன்னதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் அண்ணன் ஒருவனை எனக்குத் தெரியும்.

அதுவும் கார்டெக்ஸ்-ஏ9 போர்டுதான். ஓர் உணரியிலிருந்து எஸ்.பி.ஐ. என்ற கம்பித் தொடர்பு வழியாக 16 பைட் தரவு, ப்ராசஸர் கை வைக்காமலே கொண்டுபோய்ச் சேர்க்கும் டி.எம்.ஏ. மூலம் நினைவகத்துக்கு வரும். டிரைவரில் பரிமாற்றத்தைத் தொடங்கியவுடன் 10 மைக்ரோ விநாடி சும்மா காத்திருக்கும் ஒரு வரி. அதற்கும் ‘நீக்காதே’ என்ற மாதிரி ஒரு குறிப்பு. அது இருக்கும்வரை எல்லாம் சுகம். ஒரு நாள் அந்த உணரி சந்தையில் கிடைக்காமல் போய், மாற்று ஒன்றைப் பொருத்தினார்கள். அதிலிருந்து இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கருவி உறைந்துபோகத் தொடங்கியது. வன்பொருள் ஆட்கள் மென்பொருளைச் சொன்னார்கள், நாங்கள் வன்பொருளைச் சொன்னோம். வழக்கமான பட்டிமன்றம்.

விஷயம் இதுதான். அந்த 16 பைட் இடமும், அதற்கு அடுத்தாற்போல் ‘வேலை நடக்கிறது’ என்று குறிக்கும் ஒரு சிறு மாறியும் நிரலின் ஒரே தரவுக் கட்டமைப்புக்குள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. நினைவகத்தின் நகலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் கேச் நினைவகத்தைக் கார்டெக்ஸ்-ஏ9 கையாள்வது 32 பைட் கொண்ட வரிகளாக. 16 பைட் தரவும் அந்த மாறியும் ஒரே கேச் வரியில். டி.எம்.ஏ. நேராக நினைவகத்தில் எழுதும், கேச்சைக் கேட்காது. அதனால் பரிமாற்றம் முடிந்ததும் கெர்னல் அந்தக் கேச் வரியைத் தூக்கி எறிந்துவிட்டு நினைவகத்திலிருந்து புதிதாக வாசிக்கும். பரிமாற்றம் நடக்கும்போது ப்ராசஸர் அந்த மாறியில் ஏதாவது எழுதியிருந்தால், அந்த எழுத்தும் கேச் வரியோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். மாறி பழைய மதிப்புக்குத் திரும்பும். டிரைவர் வராத ஒன்றுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

பழைய உணரி 16 மெகாஹெர்ட்ஸில் பேசியது. 16 பைட் என்றால் 128 பிட்; 8 மைக்ரோ விநாடியில் முடிந்துவிடும். 10 மைக்ரோ விநாடி காத்திருந்துவிட்டு மாறியில் எழுதினால் ஆபத்து கடந்திருக்கும். புதிய உணரியின் வேகம் 4 மெகாஹெர்ட்ஸ்தான். அதே 128 பிட்டுக்கு 32 மைக்ரோ விநாடி. காத்திருப்பு போதவில்லை. தாமதம் பிழையைத் தீர்க்கவே இல்லை, அதன் மேல் ஒரு பாயை விரித்து மூடியிருந்தது.

திருத்தம் எவ்வளவு தெரியுமா? அந்த 16 பைட்டைத் தனியாக ஒதுக்கி வாங்கும்படி மாற்றினோம். ஏ.ஆர்.எம்.-இல் நினைவகம் ஒதுக்கும் கெர்னலின் ‘கே-மாலாக்’ தரும் இடம் வேறொருவரோடு கேச் வரியைப் பகிர்ந்துகொள்ளாது. மொத்தம் ஐந்தாறு வரிகள். தாமதத்தையும் எடுத்துவிட்டோம். கமிட் செய்தியில் (மாற்றத்தோடு சேர்த்துப் பதியும் குறிப்பு) மட்டும் இரண்டு பத்தி எழுதினேன்; நிரலைவிடச் செய்தி நீளம். அடுத்து வருபவர் என்னைப்போல் உறக்கம் கெட வேண்டியதில்லை.

உங்கள் வரியையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். தாமதத்துக்கு முன்னும் பின்னும் யார் எதைத் தொடுகிறார்கள்? டி.எம்.ஏ. பயன்பாட்டைக் கண்காணிக்கும் பிழைத்திருத்த வசதி ஒன்று கெர்னலிலேயே இருக்கிறது, அதை இயக்கிக் கட்டிப் பாருங்கள். தாமதத்தைப் பத்து மடங்கு கூட்டியும், முழுதாக எடுத்தும் ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஆனால் மேசைமேல் உள்ள போர்டில்; ஆலையில் வேண்டாம்.

புதிய கெர்னலுக்கு மாறுவதா என்பது அடுத்த கேள்வி. ஆம், மாறுங்கள். 4.1 பதிப்பு 2015 ஜூனில் வந்தது, 2018 மே மாதத்தோடு அதற்கான பொதுத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்தையும் நீங்கள்தான் படித்து, புரிந்து, பின்னோக்கி ஒட்ட வேண்டும். ஓர் ஆள் செய்கிற வேலையா அது? 4.1-இலிருந்து 4.9, அதிலிருந்து 4.14 என்று படியேறவும் வேண்டாம். ஒவ்வொரு படியிலும் உட்புற இடைமுகங்கள் மாறும்; 4.15-இல் டைமர்களை அமைக்கும் முறை மாறியது, 5.0-இல் பயனர் நினைவகத்தைச் சரிபார்க்கும் அழைப்பில் ஓர் உள்ளீடு குறைந்தது. ஒவ்வொரு படியிலும் திருத்தி, அடுத்த படியில் அதையே மறுபடி திருத்துவீர்கள். நேராக நீண்டகால ஆதரவுள்ள ஒரு புதிய பதிப்புக்குத் தாவுங்கள். அதுவும் பொது கெர்னலின் பதிப்பு, சிப் நிறுவனத்தினுடையது அல்ல.

தாவும்போது எடுத்த எடுப்பில் உங்கள் பேட்ச் ஒன்றையும் ஏற்றாதீர்கள். வெறும் பொது கெர்னல், உங்கள் போர்டுக்கு ஒரு மெலிந்த டிவைஸ் ட்ரீ, சீரியல் கன்சோலில் முதல் எழுத்து. அது வந்த பிறகு சேமிப்பகம், பிறகு ஈதர்நெட் என்று ஒவ்வொன்றாக. உங்கள் சிப் பொது கெர்னலில் ஏற்கெனவே ஆதரவு பெற்றது என்றால் சில நாட்களிலேயே கன்சோல் பேசத் தொடங்கிவிடும்.

ஈதர்நெட்டில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை. இணைப்பு விளக்கு எரியும், வேகம் 1 கிகாபிட் என்று காட்டும், ஆனால் ஒரு பாக்கெட் கூடப் போகாது. பலரும் இங்கே போர்டைச் சந்தேகித்து சால்டரிங் அயனை எடுத்துவிடுவார்கள். ப்ராசஸருக்கும், கம்பியில் சமிக்ஞை அனுப்பும் ஈதர்நெட் ஃபை சிப்புக்கும் இடையே ஆர்ஜிஎம்ஐஐ முறையில் 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் ஓடுகிறது. தரவுக்கும் கடிகாரத்துக்கும் இடையில் ஏறத்தாழ 2 நானோ விநாடி இடைவெளி தேவை. அதைப் போர்டின் கம்பித் தடம் தருகிறதா, ஃபை சிப் தருகிறதா என்பதை டிவைஸ் ட்ரீ சொல்ல வேண்டும். பழைய டிரைவர்கள் சில, டிவைஸ் ட்ரீ என்ன சொன்னாலும் சிப்பின் இயல்பான இடைவெளியை அப்படியே விட்டுவைத்தன. 2019-இல் 5.1 பதிப்பில் ஏடி803எக்ஸ் வகை ஃபை டிரைவரை, டிவைஸ் ட்ரீயில் எழுதியதை எழுதியபடி நடக்குமாறு திருத்தினார்கள். திருத்தம் சரியானதுதான். ஆனால் அதுவரை தவறான சொல்லோடு தற்செயலாக ஓடிக்கொண்டிருந்த போர்டுகளில் எல்லாம் நெட்வொர்க் நின்றுபோனது. ‘ஆர்ஜிஎம்ஐஐ’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘ஐடி’ என்று இரண்டு எழுத்து சேர்த்ததும் சரியாகிவிட்டது. நீங்கள் தாவும் தூரத்தில் இப்படி நாலைந்து பள்ளங்கள் இருக்கும்.

எதில் விழுந்தோம் என்று தெரியாவிட்டால் கிட் பைசெக்ட் இருக்கிறது. பத்து லட்சம் கமிட்டுகளுக்குள் ஒளிந்த பிழையையும், நடுவில் வெட்டி நடுவில் வெட்டி, ஏறத்தாழ இருபது சோதனையில் பிடித்துக் கொடுத்துவிடும். ஒரே நிபந்தனை: நீங்கள் சுமக்கும் பேட்சுகள் குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் 312 பேட்சை ஏற்றி இறக்க யாராலும் முடியாது.

மேலாளரிடம் பேச உங்களுக்கு நல்ல துணை அந்த ஜெர்மனி கடிதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. அறியப்பட்டு, தீயவர்கள் பயன்படுத்தும் ஓட்டைகளை அறிவிக்கும் கடமை 2026 செப்டம்பர் 11 முதல். மற்ற முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல். பொருளின் ஆயுள் அதைவிடக் குறைவு என்றால் ஒழிய, ஆதரவுக் காலம் குறைந்தது ஐந்து ஆண்டுகள். உங்கள் கருவி அந்தச் சட்டத்தின் எந்த வகைக்குள் வருகிறது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளட்டும். 4.1-ஐ வைத்துக்கொண்டு அந்த வாடிக்கையாளருக்கு நேர்மையான பதில் எழுத முடியாது என்பதை மட்டும் நீங்கள் சொல்லிவிடலாம். நூற்பாலைக் கருவி பதினைந்து ஆண்டுகள் ஓடும் என்று அவர் சொன்னால், சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம் என்ற கூட்டு முயற்சியைக் காட்டுங்கள். சீமென்ஸ், தோஷிபா, ஹிட்டாச்சி போன்ற நிறுவனங்கள் 2016-இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் தொடங்கியது. 4.4, 4.19, 5.10, 6.1 எனத் தேர்ந்தெடுத்த சில பதிப்புகளுக்குப் பத்தாண்டு அளவில் திருத்தங்களைக் கொடுத்து வருகிறார்கள். மின்நிலையம், ரயில் போன்ற இடங்களில் உள்ளவர்களுக்கும் உங்கள் தலைவலிதான்.

மிஞ்சிய நல்ல பேட்சுகளைப் பொது கெர்னலுக்கு அனுப்புங்கள் என்றால் பலரும் அதை ஏதோ தொண்டு என்று நினைக்கிறார்கள். சுயநலம் அம்மா, சுத்த சுயநலம். உங்கள் டிரைவர் பொது கெர்னலுக்குள் போய்விட்டால், உட்புற இடைமுகத்தை மாற்றுகிறவர் உங்கள் டிரைவரையும் சேர்த்துத் திருத்தியாக வேண்டும். உங்கள் வேலையை முன்பின் தெரியாத ஒருவர் செய்து கொடுக்கிறார். நடைமுறையில் இரண்டு குறிப்புகள் மட்டும். அலுவலக மின்னஞ்சலிலிருந்து அனுப்பாதீர்கள். ‘இம்மடல் ரகசியமானது’ என்று அது அடியில் ஒட்டும் எச்சரிக்கையைப் பார்த்ததுமே தள்ளிவிடுவார்கள், நிரலில் உள்ள டேப் இடைவெளிகளையும் கெடுத்து வைக்கும். இரண்டாவது, பதில் ஒற்றை வரியில் வரும். வணக்கம் இருக்காது, நன்றி இருக்காது. அதைக் கோபம் என்று எண்ணி வாடிவிடாதீர்கள். என் முதல் பேட்ச் ஆறு முறை திரும்பி வந்தது; ஐந்தாவது முறை நான் அழாத குறை.

உள்ளே போய்விட்டால் நிரந்தரம் என்றும் சொல்ல மாட்டேன். 2018 ஜூனில் வந்த 4.17 பதிப்பில் எட்டு ப்ராசஸர் வகைகளை ஒரேயடியாக நீக்கினார்கள்: பிளாக்ஃபின், கிரிஸ், டைல், மெட்டாக் என்று. ஏறத்தாழ 5 லட்சம் வரிகள். கிரிஸ் ஒரு காலத்தில் நெட்வொர்க் கேமராக்களில் ஓடியது. நிரல் கெட்டுப்போனதால் நீக்கவில்லை. யாரும் புதிய கெர்னலை அவற்றில் ஓட்டிப் பார்ப்பதாகத் தெரியவில்லை, பொறுப்பேற்க ஆளும் இல்லை. எச்8300 என்ற ஹிட்டாச்சிக் குடும்பத்தின் கதை இன்னும் வேடிக்கை. 2014-இல் நீக்கினார்கள், அடுத்த ஆண்டே ஆள் வந்ததால் மறுபடி சேர்த்தார்கள், 2022-இல் மறுபடி நீக்கினார்கள். உங்கள் அலுவலகத்தில் அந்தப் பொறியாளர் போன அன்றே உங்கள் 312 பேட்சுகளும் இந்த நிலைக்கு வந்துவிட்டன. இப்போது ஆள் நீங்கள்.

கடைசிக் கேள்வி, தேங்கிவிடுவேனா என்பது. மறைக்காமல் சொல்கிறேன்: தொடக்கத்தில் உங்கள் நண்பர்களைவிடச் சம்பளம் குறைவாக இருக்கும், வேலை மாற நினைத்தால் கதவுகளும் குறைவு. அதே சமயம், கேச் வரியைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கு முன் நான் கற்றது இன்றைக்கும் சோறு போடுகிறது. 4.1-இல் ஒட்டுப்போட்டுக்கொண்டே ஐந்து ஆண்டு இருந்தால் நிச்சயம் தேங்குவீர்கள். பொது கெர்னலின் வரலாற்றில் உங்கள் பெயரில் பத்துக் கமிட் இருந்தால், அடுத்த நேர்காணலில் யாரும் உங்களிடம் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். அதைத்தான் திறந்து படிப்பார்கள், நானும் அப்படித்தான் ஆள் எடுத்திருக்கிறேன்.

போன பொறியாளரின் எண் உங்களிடம் இருக்கும். மனத்தாங்கலோடு போனாரோ என்னவோ, இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டுப் பாருங்கள். எழுதிய பேட்சைப் பற்றி யாராவது அக்கறையாகக் கேட்டால் பேசாமல் இருக்கும் கெர்னல் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. 312-ஐயும் நீட்டாதீர்கள், பத்தை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த 10 மைக்ரோ விநாடியைக் கேளுங்கள்: எந்த உணரிக்கு, எந்த வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு முந்தின நாள் ராத்திரி அதைப் போட்டீர்கள் அண்ணா என்று.